மன்னிப்புக் கேட்க வந்த பாட்டுக்காரி

என் தாய்மாமா ஈஸல் ப்ரூவிட்டுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் கிளியோத்தா டெட்ராய்ட் கார் ஆலைக்குப் போனவன், போனவன்தான். நடுவில் ஒன்று தொட்டிலிலேயே போயிற்று. கடைசி ஆர்வெட்டா. ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்த வருஷம் பிறந்தவள், என்னைவிட ஒன்பது மாதம் மூத்தவள். எங்கள் ஊர் பைன் ப்ளஃப்பில் இன்றைக்கும் அவள் பெயரைச் சொன்னால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். பாதி பொய். நான் பக்கத்தில் இருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

அவள் ஓரிடத்தில் தரிக்க மாட்டாள். சலவைக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், நான்கு நாள். பஞ்சுக் கிடங்கில் பன்னிரண்டு நாள். ஒரு டாக்டர் வீட்டில் சமையலுக்குப் போனவள் வெங்காயத்தைப் பாதி வெட்டிய நிலையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். கேட்டால், "அந்த ஜன்னல் வழியா ரயில் தெரியுதுடி, நான் என்ன செய்ய?" என்பாள்.

மாமா ரயில்வே பட்டறையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை சபையில் டீக்கன். எங்கள் கறுப்பர் சபையில் அப்போது பாட்டுப் புத்தகம் கிடையாது. டீக்கன் எழுந்து ஒரு வரியை எடுத்துக் கொடுப்பார், கொடுத்துவிட்டு நிறுத்துவார். சபை முழுக்க அந்த வரியை வாங்கி, இழுத்து, அழுது, திருப்பிக் கொடுக்கும். மாமா எடுத்தால் கூரை நடுங்கும். ஆர்வெட்டாவின் குரல் அவரிடமிருந்து வந்தது. அவருக்கு அவருடைய அம்மாவிடமிருந்து.

இருபது வயதில் ஒரு கிதார்க்காரனின் பேருந்தில் ஏறிப் போய்விட்டாள். லிட்டில் ராக், மெம்ஃபிஸ், செயின்ட் லூயிஸ். நடனக் கூடங்களில் பாடுகிறாள் என்று தெரிந்ததும் சபைக் கூட்டத்தில் எழுந்து நின்றது மாமாவேதான். "விசுவாசத்தை விட்டு விலகின பின்மாற்றக்காரின்னு என் மகளோட பேரை நீக்கணும். நானே பிரேரிக்கிறேன்" என்றார். கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு தூக்காமல் இருக்க முடியவில்லை.

ஏழு வருஷம் அவள் காரிலேயே வாழ்ந்தாள். ஒரு நாள் இங்கே, மறுநாள் இருநூறு மைல் தள்ளி. கேன்சஸ் சிட்டியில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்தாள், அதில் படுத்தது ஆறு தடவை என்று ஹோஸி சொல்வான். ஹோஸி அவளுடைய சாக்ஸபோன்காரன், காரோட்டியும் அவன்தான்.

மெம்ஃபிஸில் அவள் இசைத்தட்டுக்குக் காதல் பாட்டுப் பாடிய கதையும் ஹோஸி சொன்னதுதான். ஒரு வரி பாடினாள், நிறுத்தினாள். அடுத்ததையும் பாடிவிட்டு நிறுத்தினாள். ஒலிப்பதிவுக்காரர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கத்தினார்.

"ஏம்மா நிக்கிற? வரி மறந்துபோச்சா?"

"மறக்கல சார். அவங்க சொல்லி முடிக்கட்டும்னு நிக்கிறேன்."

"எவங்க?"

திரும்பிப் பார்த்தாளாம். நான்கு வாத்தியக்காரர்களும் ஒரு நாற்காலியும்தான் இருந்தார்கள். ஹோஸி சிரித்த சிரிப்பில் சாக்ஸபோன் கையை விட்டு நழுவிவிட்டது. பத்துத் தடவை பாடியும் அவளால் அந்த நிறுத்தத்தை விட முடியவில்லை. சரி, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அந்தத் தட்டு பிய்த்துக்கொண்டு போனது. நான் வேலை பார்த்த முடி திருத்தும் கடையில், ரேடியோவில் அது வந்தால் சுருள் முடியை நிமிர்த்தச் சூட்டுச் சீப்பு பாதி இழுத்த தலையோடு பெண்கள் அந்த இடைவெளியில் திருப்பிப் பாடுவார்கள்.

மாமா அதைக் கேட்டது சவரக்கடையில். பாதி முகத்தில் சோப்பு இருந்தது. அப்படியே எழுந்து கடைத்தெரு நெடுக நடந்து என் வீட்டுக்கு வந்தார்.

"எங்கம்மா பருத்திக் காட்டுல குனிஞ்சுகிட்டு முனகின ராகம் அது. கர்த்தரைக் கூப்பிட்ட ராகம். அதுக்குள்ள எவனோ ஒரு ஆம்பளையக் கொண்டுவந்து உக்கார வச்சிருக்கா உன் மாமன் மகள்."

"மாமா, சோப்பு கண்ணுல வழியுது."

"வழியட்டும்."

அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் ஆர்வெட்டா காரை மாமா வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்துவாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். மாமா முன்வாசலில் உட்கார்ந்து எதிர்வீட்டைப் பார்ப்பார். என்னைத்தான் தூது அனுப்புவார்: "சபைக்கு முன்னாடி நின்னு அந்தப் பாட்டுகளுக்கு மன்னிப்புக் கேக்கச் சொல்லு. என் மேசையில அவளுக்கு இடம் இருக்கு." அவள் கார்க் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவாள். போன ஊரிலிருந்து என் கடைக்குப் போன் வரும். "அப்பா இன்னிக்கு என்ன சாப்பிட்டாரு? யார் சமைச்சா?" அத்தை செத்துப்போன பிறகு அவர் தனியாள்; வேறு எதுவும் கேட்க மாட்டாள். அந்த மேசையில் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. எத்தனை கூட்டம் கைதட்டினாலும் அது தீரவில்லை.

இருபத்தேழு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் சமையலறைக்கு வந்து நின்றாள். நீலக் கவுன், உதட்டுச் சாயம் இல்லை.

"இன்னிக்குக் கேட்டுடறேன்டி. நாலு வார்த்தைதானே. சாயங்காலம் ஆறு மணிக்கு மன்ரோவுல மேடை இருக்கு, அதுக்குள்ள அப்பா வீட்டுல சாப்பிட்டுடலாம்."

"மன்னிப்பக் கேக்க வந்தவ கடிகாரத்தைப் பாக்கலாமா?"

"பாக்காம இருக்கத் தெரியலையே."

சபையில் ஆராதனைக்கு நடுவே, அவரவர் எழுந்து சாட்சி சொல்லும் நேரம் வந்தது. ஆர்வெட்டா எழுந்ததும் முன்பெஞ்சில் பெரிய தொப்பி போட்ட சிஸ்டர் ஒடெஸா, "வந்துட்டாங்க ராணி. விரிப்பு போடுங்கப்பா" என்று எல்லோருக்கும் கேட்கும்படி முணுமுணுத்தாள். ஆர்வெட்டா முன்னே போய்த் திரும்பினாள். நிறைந்த கூட்டம், எல்லா முகமும் அவளை நோக்கி. ஏழு வருஷப் பழக்கம் எங்கே போகும்? ஒரு கால் முன்னே வந்தது, கை மேலே போனது.

"பைன் ப்ளஃப்! எல்லாரும் சௌக்கியமா?"

"ஆமா!" என்றது சபை. கேட்டால் பதில் சொல்லித்தான் எங்கள் சபைக்குப் பழக்கம்.

"சத்தமே வரலையே!"

"ஆமா!" சிஸ்டர் ஒடெஸாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

பிறகு கைகளில் ஆடிக்கொண்டிருந்த விசிறிகள் நின்றுவிட்டன. ஆர்வெட்டா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் யாரோ அடக்கமாட்டாமல் சிரித்துத் தொலைத்தார்கள்.

பாஸ்டர் டாலிவர் தொண்டையைச் செருமினார். "சிஸ்டர், அதுதான் மன்னிப்பா?"

"இல்ல பாஸ்டர். வாய் தானா போயிருச்சு."

"சரி, இப்பச் சொல்லுங்க."

வாயைத் திறந்தாள். மூடினாள். கால் மாற்றி நின்றாள்.

"வரல பாஸ்டர். அப்பா முகத்தைப் பாக்காம இத்தனை வருஷம் போனதுக்கு வருத்தப்படறேன். பாட்டுக்கு வருத்தம் வரல. வராததை வந்ததாச் சொன்னா அது பொய். இந்த இடத்துல நின்னு பொய் சொல்ல மாட்டேன்."

பாஸ்டர் மாமாவைப் பார்த்தார். பெயரை நீக்கச் சொன்னவர்தான் சேர்க்கவும் சொல்ல வேண்டும். மாமா முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அவ பாட்டுக்கு மன்னிப்புக் கேக்கல. அதனால சேத்துக்கச் சொல்லி நான் பிரேரிக்க முடியாது."

ஆர்வெட்டா தலையை ஆட்டிவிட்டு பெஞ்சுகளுக்கு நடுவே வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

"நில்லு, நான் இன்னும் முடிக்கல" என்றார் மாமா. "சபை சபையோடது. என் வீட்டு மேசை என்னோடது. பொய் சொல்லியிருந்தா உன்னை அங்க உக்கார வச்சிருக்க மாட்டேன். வா, சாப்பிடலாம்."

வீட்டில் கீரையும் பன்றிக் கழுத்தெலும்பும் வறுத்த கோழியும் சோள ரொட்டியும் இருந்தன. மாமா அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தானும் உட்கார்ந்தார். வெளியே ஹோஸி ஹாரன் அடித்தான்.

ஆர்வெட்டா நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றாள். தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"உக்காரும்மா."

"உக்காந்தா எழுந்திருக்க மாட்டேன்ப்பா. மன்ரோவுல காத்துகிட்டு இருப்பாங்க."

மாமா தன் தட்டை எடுத்துக்கொண்டு அவரும் எழுந்து நின்றார். இரண்டு பேரும் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றபடியே சாப்பிட்டார்கள். எலும்பை உறிஞ்சும் சத்தம்தான். மூன்றாவது ஹாரனுக்கு அவள் தட்டை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

"ஏய், கையைத் துடைச்சிட்டுப் போ" என்று மாமா பின்னாலிருந்து துணியை வீசினார். "எண்ணெய்க் கையோட பிடிச்சா மைக்கு வழுக்கும்."