ஓம் என்றால் பத்து வருடம்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அப்பா எனக்குப் போன் எடுத்தார். வேலை நேரத்தில் எடுக்கும் பழக்கம் இல்லாதவர்.

"பிள்ளை, அந்த வட்டியை ரெண்டு வருஷமா மாத்தேலுமோ?"

எப்படி மாற்றுவது? முந்தின வெள்ளிக்கிழமைதான் வின்டர்தூர் நகரில் இருக்கும் எங்கள் வீட்டுக் கடனின் வட்டியைப் பத்து வருடத்துக்கு ஃபிக்ஸ் செய்திருந்தோம். கடன் மூன்று பேர் பெயரில் — அப்பா, அம்மா, நான். வங்கி ஆலோசகர் ஸ்பீக்கர் போனில் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். அப்பா ஒவ்வொன்றுக்கும் ஜெர்மனில் "யா, யா" என்றார். உரையாடல் பதிவாகிறது என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்கள்.

பத்து வருடம் என் யோசனை. நான் மென்பொருள் சோதிக்கிறவள். பிழை எங்கே வரும் என்று முன்கூட்டியே பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். எக்ஸெல்லில் பட்டியல் போட்டிருந்தேன். வட்டி ஏறினால்? என் வேலை போனால்? அப்பா ஓய்வு பெற்றால்? எல்லா வரிசையிலும் பத்து வருடமே பச்சை காட்டியது.

என்றாலும் வங்கிக்குப் போன் எடுத்துக் கேட்டேன். ஆலோசகர் மரியாதையாகவே சொன்னார்: தொலைபேசியில் சம்மதித்த நிமிடத்திலிருந்து அது ஒப்பந்தம். வெளியேறலாம் — ஒரு புதுக் காரின் விலையை அபராதமாகக் கட்டிவிட்டு.

எனக்குக் கோபம். மாலையில், அப்பா வேலை செய்யும் கன்டீன் வாசலில் போய் நின்றேன்.

"நீங்கள்தானே ஓம் எண்டு சொன்னனீங்கள்?"

"ஒராள் கதைக்கேக்கை சும்மா இருக்கேலுமே? கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டு சொன்னனான்."

உங்கள் வீட்டிலும் இப்படித்தானே? போனில் ஒருவர் பேசப் பேச நாம் சொல்லும் 'ஓம்... ஓம்...' சம்மதம் அல்ல. 'லைன் கட் ஆகவில்லை, சொல்லுங்கோ' என்று அர்த்தம். அப்பா அதை அப்படியே ஜெர்மனில் போட்டு முப்பது வருடம் சமாளித்துவிட்டார். மேலாளருக்கு யா, யா. என் பள்ளி ஆசிரியைக்கு யா, யா. அவர்கள் யாரும் அதைப் பதிவு செய்து வைக்கவில்லை.

"விருப்பம் இல்லையெண்டால் அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அப்பா?"

"கொம்மா பக்கத்திலை நிண்டவ."

ஜக்கெட் பையிலிருந்து ஒரு மருத்துவமனைக் கடிதத்தை எடுத்துத் தந்தார். கணையத்தில் புற்றுநோய். வங்கி அழைப்புக்கு மூன்று நாள் முந்தைய தேதி.

"டொக்டர் மாதக் கணக்கிலை கதைக்கிறார். நீ பத்து வருஷம் எண்டுறாய்." சிரித்தார். "ரெண்டு வருஷமெண்டால் எனக்குப் பிறகு அபராதமில்லாமல் வீட்டை வித்துப்போட்டு, கொம்மா லோசானுக்குச் சித்தியிட்டைப் போகலாம். இஞ்சை அவவுக்கு ஒரு கடிதம் வாசிக்கத் தெரியாது."

என் பட்டியலில் அப்பாவின் ஓய்வு இருந்தது. இது இருக்கவில்லை. தோன்றாமல் இல்லை... அந்த வரிசைக்கு என்ன தலைப்புப் போடுவது?

ஒரு வாரம் அப்பாவும் நானும் தனியாகக் குசுகுசுத்தோம். அபராதத்தைக் கட்டுவதா, விடுவதா? ஞாயிற்றுக்கிழமை அப்பாவே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"நான் லோசானுக்குப் போறதெண்டு ஆரைக் கேட்டு முடிவெடுத்தனீங்கள்?"

"சித்தி அங்கை..." என்று அப்பா தொடங்கினார்.

"அங்கை பிரெஞ்சு. அதுவும்தான் எனக்குத் தெரியாது. நான் இஞ்சைதான் இருப்பன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வெள்ளிக்கிழமை ஆலோசகர் அம்மாவையும் கேட்டார். "யா எண்டு சொல்லுங்கோ" என்று காதில் சொல்லிக் கொடுத்தது நான். பத்து வருடம் என்றுகூட அம்மாவிடம் சொல்லவில்லை. முடிவை மாற்றுவதற்கு அபராதம் உண்டு. கேட்காமல் முடிவெடுப்பதற்கு இல்லை.

வட்டியை அப்படியே விட்டுவிட்டோம். தவணையை என் சம்பளம் தாங்கும். இரண்டு முறை சரிபார்த்தேன்.

அம்மா இப்போது ஜெர்மன் வகுப்புக்குப் போகிறார். சென்ற வாரப் பாடம், தன்னை அறிமுகம் செய்வது. சமையலறையில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினார். "இஹ் வோனே அலைன்" — நான் தனியாக வசிக்கிறேன்.

அப்பா கதிரையில் இருந்தபடி உச்சரிப்பைத் திருத்தினார்.