இல்லாத குசினிக்காரன்

அப்போது என் கணவர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தார். ஒரு மாலை அவருடைய வெள்ளைக்காரத் துரையும் துரைசாணியும் நாவற்குடாவில் எங்கள் வீட்டுக்குத் தேநீருக்கு வந்தார்கள்.

அன்று காலையே பெரிய கொடுவா மீன் ஒன்று வாங்கியிருந்தேன். முள்ளெடுத்து, உப்பும் மிளகும் தேசிக்காய் பிழிந்த புளியும் பூசி, சட்டியில் மூடி, மேலும் கீழும் சிரட்டைத் தணல் போட்டு வேகவைத்தேன். பாணை மெல்லிசாக வெட்டி, பட்டர் தடவி, மீனை உள்ளே வைத்து அடுக்கினேன்.

ஒரு துண்டைத் தின்ற துரைசாணி, செய்தது யார் என்று கேட்டார்.

“எங்கள் குசினிக்காரன்” என்றார் என் கணவர். எங்கள் வீட்டில் சமைக்கவென்று குசினிக்காரனே கிடையாது.

“கூப்பிடுங்கள், பாராட்ட வேண்டும்.”

“ஊருக்குப் போய்விட்டான்.”

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வெளியே போய், “நான்தான் செய்தேன்” என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். துரைசாணி எழுந்து வந்து கைகொடுத்தார். கணவரின் முகம் கறுத்துப்போனது.

அவர்கள் போனதும், “என்ட மானத்த வாங்கிப்போட்டாய். பொண்டாட்டிய அடுப்படியில விட்டிருக்கான் எண்டு நினைக்கமாட்டாங்களா?” என்று கத்தினார்.

“நான் அடுப்படியிலதானே கிடக்கன்? அதைச் சொல்ல உங்களுக்கு என்ன வெக்கம்?”



முன்பும் இரண்டு தடவை விருந்தாளிகளிடம் அவர் அந்தக் குசினிக்காரனைச் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டைப் புகழ்ந்தார்களே என்று அப்போது நானும் மறைவில் நின்று மகிழ்ந்துபோனேன். அவர்மேல் இருந்த கோபம் ஒரு கிழமையில் ஆறிவிட்டது. என்மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.