சாச்சாவின் சிவப்பு டோர்ச்

என் மாமா உயிர்களைக் காப்பாற்றுகிறவர். அவரிடமிருந்து அந்த உயிர்களைக் காப்பாற்றத்தான் ஆளில்லை. கண்டிப் பக்கம் கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் பட்டர்புரூட் மரத்தடியைத் தோண்டினால் ஒரு மைனாவும், ஓர் அணிலும், கண் திறக்காத பூனைக்குட்டிகளும் கிடைக்கும். எல்லாம் மாமா காப்பாற்றியவை. அணிலுக்குத் தேயிலைச் சாயம் கொடுத்தால் தெம்பு வரும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

மாமா உம்மாவின் தம்பி. பஸாரில் போன் திருத்துகிற சின்னக் கடை வைத்திருந்தார். கல்யாணம் ஆகாத மனிதர் என்பதால் கடையைப் பூட்டிவிட்டு நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போவார். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு பள்ளிக்கூட விடுமுறையில் சாச்சி வீட்டுக்குப் போய் வந்தார். சாச்சி உம்மாவின் தங்கை. அவரைக் கற்பிட்டிப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். சாச்சியின் கணவர் சாச்சா மீன்பிடிக்கிறவர். பேச்சு மிகவும் குறைவு. எங்கள் வீட்டுக்கு வந்தால் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, எப்போது பஸ் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த ஊருக்கு முன்னால் கிடந்த கடல் பாதுகாக்கப்பட்ட கடல். அறிவிப்புப் பலகை அரசாங்கத்துடையது, காவல் ஊராருடையது. பவளம் வளரும் முருகைக்கல் பக்கம் வலை போடக் கூடாது, ஆமை முட்டையிட்ட இடத்தை வேலி கட்டி முறை வைத்துப் பார்க்க வேண்டும் என்று பள்ளிவாசலில் கூடி அவர்களே முடிவெடுத்திருந்தார்கள். சாச்சாதான் காவலுக்குத் தலைவர். வெள்ளை வெளிச்சம் ஆமையைக் குழப்பிவிடும் என்பதால் சிவப்புத் தாள் ஒட்டிய ஒரு டோர்ச் அவரிடம் இருந்தது. அது யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் அந்தக் கரையில் சட்டம். முந்தின வருடம் முட்டை எடுத்த ஒருவரை ஜும்ஆவுக்குப் பிறகு ஊருக்கு முன்னால் நிறுத்தி, இனிமேல் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுக்க வைத்தவர் சாச்சா. இவ்வளவையும் எங்களுக்குச் சொன்னவர் மாமாதான். சொல்லும்போது, அந்த டோர்ச்சைத் தன்னைத் தொடக்கூட விடவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

சாச்சி வழக்கம்போல ஐஸ்கிரீம் பெட்டியில் கருவாடு கொடுத்தனுப்பியிருப்பார் என்று உம்மா குசினியில் வைத்துப் பெட்டியைத் திறந்தார். கருவாடு நடந்தது.

உள்ளங்கையளவுகூட இல்லாத ஓர் ஆமைக்குஞ்சு. உம்மா போட்ட சத்தத்தில் தொட்டிலில் கிடந்த தம்பி எழும்பி அழத் தொடங்கினான்.

"ராத்தா, ஏசாதீங்கோ. எல்லாக் குஞ்சும் கடலுக்குப் போயிட்டு. இது மட்டும் பின்னுக்கு நின்டிச்சி. காகம் ஒன்டு பாத்துக்கிட்டே ஈந்திச்சி. கொஞ்சம் பெலமாக்கிட்டுக் கொண்டுபோய் விடுவோம்." மாமா தன் அக்காவைச் சமாதானப்படுத்தினார்.

குஞ்சைக் கையால் தொடக் கூடாது, அது தானாகவே மணலில் நடந்து கடலுக்குப் போக வேண்டும் என்பதுதான் அந்த ஊரின் முதல் விதி. விடியற்காலையில் சாச்சா பக்கத்தில் நின்று, அந்த விதியைத் தன் காதால் கேட்டு, தலையாட்டிவிட்டு, அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் குஞ்சைத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் இந்த மனிதர். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கண்டியில் கடலுக்கு எங்கே போவது? தம்பியைக் குளிப்பாட்டும் பேசினில் தண்ணீர் நிரப்பி, மாமா பலசரக்குக் கடையிலிருந்து உப்பு வாங்கிவந்து கொட்டினார். எவ்வளவு கொட்டுவது என்பதில்தான் பிரச்சினை. உம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, கஞ்சிக்கென்றால் இது காணும் என்றார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து ருசி பார்த்து, கடல் இன்னும் கரிக்கும் என்றார். அவர் கடலில் கால் நனைத்து எத்தனையோ வருடமாகியிருந்தது. விஷயம் பரவி எங்கள் ஒழுங்கையில் இருந்த வீடெல்லாம் வந்து பேசினுக்குள் விரலை விட்டது. ஆளுக்கொரு உப்பு, ஆளுக்கொரு தீர்ப்பு. ஒருத்தர் கீரை நறுக்கிக் கொண்டு வந்தார், இன்னொருத்தர் இறால் தலை கொண்டு வந்தார். தொழுகைக்கு வுழூ செய்யப் போன வாப்பா குளியலறை வாசலில் நின்று, தன் வீட்டில் தனக்கு வரிசை எத்தனையாவது என்று கேட்டார்.

மறுநாள் பின்னேரம் குஞ்சு நீந்துவதை நிறுத்திவிட்டது. ஒரு மூலையில் மிதந்துகொண்டு, தொட்டால் மட்டும் ஒரு துடுப்பை அசைத்தது. பட்டர்புரூட் மரத்தடியில் இன்னொரு குழிக்கு நான் மனதளவில் இடம் பார்த்துவிட்டேன். அழுகையும் வந்தது. அப்போதுதான் மாமாவுக்கு யோசனை உதித்தது. மகாவலி எங்கே போய் விழுகிறது? திருகோணமலையில், கடலில். நம் ஊர்ப் பாலத்துக்குக் கீழே இறங்கி ஆற்றில் விட்டால் வேலை முடிந்தது. மிச்சத்தை ஆறு பார்த்துக்கொள்ளும். ஒழுங்கையில் இருந்த அத்தனை பேரும் இதை ஒத்துக்கொண்டார்கள் என்பதை நான் இங்கே பதிவு செய்ய வேண்டும். மாமா வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, நாங்கள் பெரஹரா ஊர்வலம்போல் பின்னால் போனோம்.

பாலத்தடியில் எங்களை மறித்தவர் எதிர்வீட்டு டீச்சர். மார்க்கெட்டிலிருந்து வந்துகொண்டிருந்தவர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"கீழ பொல்கொல்லையில அணைக்கட்டு இருக்குங்களே. அத எப்படிங்க தாண்டும்?"

மாமா யோசித்தார். அணைக்கட்டைப் பற்றி யாருமே நினைக்கவில்லை. தினமும் அதைத் தாண்டி வேலைக்குப் போகிறவரும் கூட்டத்தில் இருந்தார். ஆமைக்கு அல்லாஹ் வழி காட்டுவான் என்று மாமா ஒரு படி கீழே இறங்கியபோது அவருடைய போன் அடித்தது. சாச்சி.

முதல்நாள் இரவே மாமா பேசினும் ஆமையும் தானுமாக ஒரு படம் எடுத்து, 'காப்பாத்தியாச்சு' என்று எழுதிக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார். அது சாச்சியின் மகன் வழியாக ஊர் முழுக்கப் போய்விட்டது. சாச்சி அழுதது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. பிறகு போன் சாச்சாவின் கைக்குப் போனது. அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நன்றாக இருக்கும் என்றும் ஆசைப்பட்டேன்.

"கொண்டு வாங்க" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை மாமாவும் உம்மாவும் நானும் புத்தளம் பஸ்ஸில் ஏறினோம். மடியில் வாளி. குருநாகல் வரைக்கும் மாமா மூச்சுவிடவில்லை. அதற்குப் பிறகு அவருக்குத் தைரியம் வந்து, பக்கத்து சீட்டுக்காரருக்குத் தான் ஆமையைக் காப்பாற்றிய கதையைச் சொல்லத் தொடங்கினார். உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் வழி நெடுக வாளிக்குள் பார்த்துக்கொண்டு, செத்துவிடாதே, செத்துவிடாதே என்று முணுமுணுத்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். கரையில் காவல்காரர்கள் எல்லோரும் நின்றார்கள். சாச்சா முன்னால் வந்து மாமாவின் கையிலிருந்து வாளியை வாங்கினார். ஸலாமுக்கு மட்டும் பதில் சொன்னார். வாளியைத் தான் வைத்துக்கொள்ளாமல், நீலத்தொப்பி போட்ட ஒருவரிடம் கொடுத்தார். அவர்தான் முந்தின வருடம் முட்டை எடுத்தவர் என்று மாமா என் காதில் சொன்னார். அந்த மனிதர் முழங்காலிட்டு வாளியை மெதுவாகச் சரித்தார். குஞ்சு மணலில் அப்படியே கிடந்தது. பிறகு ஒரு துடுப்பு அசைந்தது, மற்றது அசைந்தது, நுரை வந்து தொட்டதும் அது போய்விட்டது. மாமா கை தட்டினார். வேறு யாரும் தட்டவில்லை.

இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சாப்பாட்டு ஸஹனைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்ததும் மாமா இந்தக் கதையை எடுத்துவிடுவார். ஆமை கடலுக்குள் போனதோடு முடித்துவிடுவார். அதற்குப் பிறகு நடந்ததை அவர் சொல்வதே இல்லை. சாச்சா அந்த வருடம் பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்கு வரவில்லை, கரைப்பக்கம் காவலுக்கும் அதன்பிறகு போகவில்லை என்று சாச்சி சொல்லக் கேட்டதெல்லாம் நான் வளர்ந்த பிறகுதான். அன்றைக்கு எனக்குச் சாச்சாமேல் கோபம்தான் கோபமாக வந்தது. கண்டியிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறோம், ஒரு சிரிப்பு இல்லை, ஒரு நல்ல வார்த்தை இல்லை.

கரையில் நின்ற சாச்சா எங்களைப் பார்க்கவே இல்லை. மற்றவர்கள் பக்கம் திரும்பி நின்றார்.

"என்ட வீட்டுக்கு வந்த ஆள் எடுத்தது, நான் எடுத்த மாதிரித்தான்" என்றார்.

பிறகு இடுப்பிலிருந்து அந்தச் சிவப்பு டோர்ச்சை எடுத்து நீலத்தொப்பிக்காரரிடம் நீட்டினார். அவர் வாங்க மாட்டேன் என்பதுபோலத் தலையை ஆட்டினார். சாச்சா அவருடைய கையைப் பிடித்து விரித்து டோர்ச்சை அதற்குள் வைத்து மூடிவிட்டு, வீட்டுப் பக்கம் நடந்தார்.

நான் உம்மாவின் காதருகே போய், இவருக்கென்ன பைத்தியமா என்று கேட்டேன். உம்மா என் தொடையில் நன்றாகக் கிள்ளினார். அவர் கண் ஏன் கலங்கியிருந்தது என்று நான் யோசிக்கவில்லை. இவ்வளவு வெயிலில் டோர்ச்சை வைத்துக்கொண்டு அந்த ஆள் என்ன செய்யப்போகிறார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.