அருவிக்குத் தார்ப்பாய் விரித்தவர்

எங்கள் மானாம்பதியில் ஆப்பிரிக்காவைப் பார்த்துவிட்டு வந்தவர் ஞானதாஸ் ஒருவர்தான். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டோடு பயணம் முடிந்துபோகிற என்னைப் போன்றவர்களுக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. இல்லையென்று சொன்னால் நீங்களும் நம்பமாட்டீர்கள்.

அறுவடைக் காலத்தில் அவருக்கு அடுத்தவர் களத்தில் வேலை, முகூர்த்தக் காலத்தில் கல்யாணச் சமையல். அவர் கைப் புளிசாதத்தை ஒரு கல்யாணத்தில் சாப்பிட்ட சென்னைக்காரர், வெளிநாட்டுக்குச் சுற்றுலா கூட்டிப்போகிறவர். எந்தக் கண்டத்துக்குப் போனாலும் இட்லி கேட்கிற கூட்டம் அவருடையது. கூடவே ஒரு சமையல்காரரும் போயாக வேண்டும். அப்படித்தான் ஞானதாஸுக்குப் பாஸ்போர்ட் வந்தது.

புறப்படும் முன், விக்டோரியா அருவியின் வீடியோவை மனைவி மார்த்தாளுக்குச் செல்போனில் காட்டினார். அவள் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாள்.

“எனக்கு ஒண்ணும் வாங்கிக்கினு வரவேணாம். இத்த நீ கண்ணால பாக்கணும், எனக்கும் போன்ல காட்டணும். அங்க போயும் அடுப்பாண்டயே நின்னுட்டு வந்துடாதய்யா.”

ஆனால் போன இடமெல்லாம் அடுப்புதான். கேப் டவுனில் மற்றவர்கள் மலையேறப் போனபோது இவர் சட்னிக்குத் தேங்காய் துருவினார். சமையலறை ஜன்னலில் அந்த மலை தெரிந்தது. உச்சி மேசைபோலத் தட்டையாக இருந்தது. அதன் விளிம்பில் மேகம் வழிந்து, கீழே வருவதற்குள் காணாமல் போனது. அணைக்க ஆளில்லாத அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி இருந்ததாம். துருவின கை அப்படியே நின்றுவிட்டது. ஜோகன்னஸ்பர்க் என்றால் அவருக்கு வேன் கண்ணாடியில் மிதந்துபோன மாலை விளக்குகள். அதைச் சொல்லும்போது நேற்றுக் கண்ட கனவைச் சொல்வதுபோல் குரல் இறங்கிவிடும். அந்த ஊரில் இறங்கவேயில்லை என்பதை இன்னொரு முறை கேட்டால்தான் சொல்வார்.

அருவிக்குப் போகிற நாளும் வந்தது. மறுநாள் ஊருக்கு விமானம். விட்டால் வேறு நாள் கிடையாது. கூட்டத்தை நடத்திப்போன கார்த்திக், “சாதத்த ஆற வச்சிட்டு நீங்களும் வந்துடுங்க மாஸ்டர்” என்று சொல்லிவிட்டு முன்னால் போனான். வேன் நிறுத்துமிடத்தில், மரத்தடியில் ஞானதாஸ் சோற்றைப் பெரிய தாம்பாளங்களில் பரப்பினார். எங்கோ இடி உருண்டுகொண்டே இருந்தது. மரங்களுக்கு மேலே வெள்ளையாக ஏதோ எழும்பியது. முகத்தில் ஒரு சொட்டு விழுந்தது, பிறகு இன்னொன்று.

ஊரார் நெல்லை மழையிலிருந்து காப்பாற்றியே பழகின உடம்பு யோசிக்குமா? வேனில் கிடந்த தார்ப்பாயை இழுத்துத் தாம்பாளங்களைப் போர்த்தினார். மூலைகளில் கல் வைத்தார். போதாதென்று ஓரத்தில் தானே உட்கார்ந்துகொண்டார். மழை விட்டதும் போகலாம் என்று காத்திருந்தார். மழை விடுவதாக இல்லை. போன கூட்டம் திரும்பத் தொடங்கிவிட்டது. கார்த்திக் தேடி வந்தபோது அவர் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“மழை எங்க மாஸ்டர் பெய்யுது? மரத்தடிய விட்டு வெளிய வந்து பாருங்க, வெயில் அடிக்குது. இது அருவித் தண்ணி. நான் சாதத்தப் பாத்துக்கறேன், போங்க சீக்கிரம்.”

ஞானதாஸ் ஓடினார். பாதை முடிந்த இடத்தில் பூமியும் முடிந்திருந்தது. எதிரே ஒரு ஆறு முழுவதும் பள்ளத்துக்குள் விழுந்துகொண்டிருந்தது. விழுந்த தண்ணீர் புகையாகத் திரும்பி எழுந்து, வானவில்லோடு அவர்மேல் பெய்தது. மார்த்தாளை வீடியோவில் அழைத்தார். அவள் ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள்.

“இன்னாய்யா, ஒரே வெள்ளையா கீது. அங்க மழையா?”

“மழை இல்ல மார்த்தா. இதான் அது. தெரியலயா?”

“தெரியல. சத்தம் கேக்குது. நீ நனையிறியா?”

“தெப்பலா நனைஞ்சிட்டேன். திரும்பி ஓடிடலாம்னு பாக்கறேன்.”

“எதுக்கு ஓடற? அங்க யார் வூட்டு நெல்லும் காயலய்யா. நின்னு நனைஞ்சிட்டு வா.”

அவர் நின்றார். கதையில் இந்த இடத்துக்கு வரும்போது ஞானதாஸ் அழுதுவிடுவார். மார்த்தாள் அன்று போனை வைக்கவில்லை. காய்கிற நெல்லின் நடுவே உட்கார்ந்து, அவர் திரும்பி நடக்கும்வரை அந்தச் சத்தத்தைக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.