தாமரை கட்டிலுக்கடியில் இருக்கிறாள்

கிள்ளான் நகரில் ஒரு புடவைக்கடையில் பல வருடங்களாக நின்றுகொண்டே இருக்கும் உஷாராணிக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சம். தன்னிடம் எதையும் கேட்காத ஓர் உயிரோடு ஒரே வீட்டில் வாழ வேண்டும்.

கடையில், "அக்கா, இதே கலர்ல பார்டர் மட்டும் சின்னதா இருக்கா?" என்பார்கள். எடுத்து விரித்தால், "பார்டர் ரொம்ப சின்னதா இருக்கே லா" என்பார்கள். வீட்டுக்கு வந்தால், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநரான கணவர் கார்த்திகேசு கதவைத் திறந்தபடியே, "இன்னிக்கு என்னா சமையல்?" என்பார். செருப்பைக் கழற்றவிட்ட பிறகு கேட்கலாம் என்ற நாகரிகம் அவர்கள் குடியிருக்கும் தாமானுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஆகவே பூனை. குட்டி வேண்டாம், அது கேட்டுக்கொண்டே இருக்கும். விவரம் தெரிந்த பெரிய பூனையாகப் பார்த்துச் சொல்லிவைத்தாள். ஆதரவில்லாத பூனைகளுக்கு வீடு தேடித் தரும் ரிஹானா, தாமரையைக் கூண்டோடு கொண்டுவந்தாள். பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு பெரியவர் வளர்த்த பூனை. அவர் மகனுடைய அடுக்குமாடிக்குக் குடிபோய்விட்டார். அங்கே பூனைக்கு இடமில்லை. கூண்டுக்குள் அவருடைய பழைய துண்டு ஒன்று கிடந்தது.

உஷாராணி கடையில் இருந்ததால் கார்த்திகேசுதான் வரவேற்புக் குழுத் தலைவர். "அங்கிள், ஒரே ரூம்ல வைங்க. அவளா வரட்டும், யாரும் தூக்க வேணாம். துண்டு அவ கூடவே இருக்கட்டும்" என்றாள் ரிஹானா. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டுவதற்கும் கேட்பதற்கும் சம்பந்தம் இல்லை என்பது மனைவிக்குத் தெரியும், ரிஹானாவுக்குத் தெரியாது.

அவர் முறைப்படி வாசலில் ஆரத்தி சுற்றினார். தாமரை சூடத்தைப் பார்த்த பார்வையில் நன்றியுணர்ச்சி இல்லை. கூண்டு திறந்ததும் பின்னறைக் கட்டிலுக்கடியில் போனவள் போனவள்தான்.

ஆனாலும் சில நாட்களில் ரகசிய முன்னேற்றம் தெரிந்தது. ஆள் இல்லாத நேரத்தில் தட்டு காலியானது. ஒருநாள் அலமாரிக் காலில் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தவள், உஷாராணியைக் கண்டதும் மறைந்தாள்.

பிறகு வெள்ளிக்கிழமை வந்தது. கார்த்திகேசுவின் வெள்ளிக்கிழமை சாதாரணமானதல்ல. வீட்டையே எலுமிச்சை மணக்கும் மருந்து ஊற்றித் துடைப்பார். அலமாரிக் காலையும் விடமாட்டார். துடைத்து முடித்ததும் அறை அறையாகச் சாம்பிராணி. அன்று கூடுதல் சேவையாக, அழுக்குத் துண்டை எடுத்து வாஷிங் மெஷினில் போட்டார்.

தாமரை அதோடு சாப்பாட்டை நிறுத்தினாள்.

மறுநாள் கடையில் புடவை மடித்துக்கொண்டே உஷாராணி ரிஹானாவைப் போனில் அழைத்து, பூனை சாப்பிடாததைச் சொன்னாள்.

"துண்டு எங்கக்கா?"

"கொடியில காயுது."

"ஐயோ, தொவைச்சிட்டீங்களா? அது பழைய வீட்டு வாசனைக்கா. அவ கன்னத்தத் தேய்ச்சுத் தேய்ச்சு இந்த வீட்டுலயும் தன் வாசனைய வச்சிக்கிட்டிருப்பா. எல்லாத்தையும் தொடைச்சிட்டா மறுபடியும் யாரோ வீடுதானே?"

உஷாராணி மடித்த புடவையையே மறுபடியும் பிரித்து மடித்தாள்.

"இன்னிக்கும் சாப்பிடலன்னா நான் வந்து கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போயிடுறேன்க்கா. பூனை பட்டினி கெடந்தா ஆபத்து. அப்புறம் வேற வீடுதான் பார்க்கணும்."

எதையும் கேட்காத உயிர் வேண்டும் என்று கேட்டவள் அவள்தான். கிடைத்தது சோற்றைக்கூடக் கேட்காத உயிர். விண்ணப்பத்தை இன்னும் கொஞ்சம் தெளிவாகப் போட்டிருக்கலாம் என்று நினைத்தாள்.

வீட்டில் உச்சநிலைப் பேச்சுவார்த்தை நடந்தது.

"சாம்பிராணி வீட்டுக்கு நல்லது லா, உஷா."

"வீட்டுக்கு நல்லதுங்க. குடியிருக்கறவங்களுக்கு?"

"அதுக்காகப் பூனைய கேட்டா சாமி கும்பிட முடியும்?"

"கும்பிடுங்க. சாமி மேடையோட நிறுத்திக்குங்க. அந்த ரூமுக்குத் துடைப்பமும் வேணாம், புகையும் வேணாம், நீங்களும் வேணாம்."

மூன்றாவது நிபந்தனை அவரைப் புண்படுத்தியது. டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

உஷாராணி பின்னறைக் கதவைச் சாத்தினாள். தட்டில் மீனை வைத்தாள். கட்டிலில் ஏறக்கூடத் தெம்பில்லை. நாள் முழுக்க வேர்வையில் ஊறிய துப்பட்டாவைக் கழற்றி எறிந்துவிட்டுத் தரையிலேயே சுவரைப் பார்த்துப் படுத்தாள். பூனையைக் கூப்பிடவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் இதைப் பொறுமை என்பார்கள். உண்மையில் அது கால்வலி.

முதுகுக்குப் பின்னால் ஏதோ நகர்ந்தது. அவள் அசையவில்லை. வெகுநேரம் கழித்துக் கண்ணோரத்தில் பார்த்தாள். தாமரை துப்பட்டாவை, வாங்கும் எண்ணமே இல்லாத வாடிக்கையாளரைப் போல முனை முனையாகப் பரிசோதித்துக்கொண்டிருந்தாள். பிறகு அதில் கன்னத்தைத் தேய்த்தாள். ஒரு முறை, இன்னொரு முறை. அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். கடைசியில் எழுந்து தட்டுக்குப் போனாள்.

உஷாராணி மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டாள். தட்டு நக்கப்படும் சத்தம்.

சற்று நேரத்தில் தாமரை அவள் முகத்துக்கு நேராக வந்து நின்று, கண்டிப்பான குரலில், "மியாவ்" என்றாள். இன்னும் வேண்டுமாம்.

அதே நேரம் முன்னறையிலிருந்து குரல் வந்தது. "உஷா, இன்னிக்கு என்னா சமையல்?"

வீட்டில் எதையும் கேட்காத ஒரே உயிரும் கேட்டுவிட்டது. உஷாராணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முகத்தில் சிரிப்பு வந்ததை யாரும் பார்க்கவில்லை.

"இருங்க, வரேன்! முன்னாடி ஒரு கஸ்டமர் நிக்கிறாங்க."