மார்ச்சோடு முடிகிற மானியமும் சில மனிதர்களும்

எங்கள் தொழிலில், தெருவில் நம்மைக் கண்டதும் வாடிக்கையாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். கனடாவில், மொன்றியல் நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடியில், எச்.ஐ.வி. தொற்றாமல் தடுப்பது பற்றித் தமிழில் சொல்லிக்கொடுப்பது என் வேலையாக இருந்தது. பரிசோதனைப் பெட்டி கொடுப்பது, ஆணுறை கொடுப்பது, டொக்டரிடம் கூடப்போய் மொழிபெயர்ப்பது எல்லாம் அதில் அடக்கம்.

சம்பளம் அரசாங்க மானியத்தில் வந்தது. அது ஒவ்வொரு வருடமும் மார்ச் மாதத்தோடு முடியும். திரும்பக் கிடைக்குமா என்று கேட்டால் ஆளாளுக்குத் தோளைக் குலுக்குவார்கள். மானியத்தில் சீவிப்பவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. தைப்பொங்கல் முடிந்த கையோடு நாங்களெல்லாம் நாட்களை எண்ணத் தொடங்கிவிடுவோம்.

சிநேகிதனுக்காக

எனக்குத் தொலைபேசியில் சொந்த விஷயம் கேட்டவர் யாருமில்லை. எல்லாரும் சிநேகிதனுக்காகத்தான் கேட்பார்கள். இந்த ஊர்த் தமிழருக்குச் சிநேகிதர்மேல் இவ்வளவு அக்கறையா என்று நானே நெகிழ்ந்து போயிருக்கிறேன்.

யோகனும் அப்படித்தான் அறிமுகமானான். அவனுடைய சிநேகிதன் சென்ட் லோரன்டில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்குகிறானாம். அகதிக் கோரிக்கைக்காகச் செய்த மருத்துவச் சோதனையில்தான் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்ததாம். எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை, யாரிடமும் கேட்பதில்லை. மருந்து ஒழுங்காக எடுக்கிறானாம். இரத்தத்தில் கிருமியைக் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். மனைவி யாழ்ப்பாணத்தில் இருக்கிறாளாம், அவளுக்கு இது எதுவும் தெரியாதாம்.

"கிருமி அப்படிக் குறைஞ்சே இருக்குமட்டும் அவனிட்டையிருந்து மனுசிக்குத் தொத்தாது தம்பி" என்றேன்.

"அக்கா, அந்தச் சிநேகிதன் இப்ப உங்கட கீழ்வாசலில நிக்கிறான். மேல வரட்டோ?"

விசா வரட்டும்

மேலே வந்தவனோடு ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டேன். மனைவி சுகந்திக்குக் கனடா வர விசா கிடைத்ததும், விமான ரிக்கெற் எடுக்க முதல், அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். வருவதா விடுவதா என்பதை அவள்தான் தீர்மானிக்க வேண்டும். இப்போதே சொன்னால் என்ன என்று நான் எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தேன். விசா வரட்டும், விசா வரட்டும் என்று ஒரே பிடியாக நின்றான்.

அவன் என்னிடம் கேட்டதும் ஒன்றுதான். சொல்லும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும், சுகந்தி கேட்கிற கேள்விகளுக்குத் தமிழில் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவு பெரிய ஆளுக்கு நான் எதற்கு என்று பகிடியாகக் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை.

"தனியச் சொன்னா நான் அழுதிடுவன் அக்கா. நான் அழுதா, நான் சாகப்போறனெண்டு அவள் நினைப்பாள்."

பலகாரப் பை

பரிசோதனைப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்க எந்தத் தமிழனுக்கும் துணிவு வராது. கீழே சேலைக்கடை வைத்திருக்கும் தங்கம் அன்ரியிடம் கலியாண வீடுகளில் கொடுக்கும் பலகாரப் பைகள் மிஞ்சிக் கிடந்தன. மகாலட்சுமி படம் போட்ட பை. அதற்குள் பெட்டியைப் போட்டுக் கொடுக்கத் தொடங்கினேன். பலகாரப் பையோடு போகிறவரை மறித்து உள்ளே என்ன என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லையே. பை எதற்கு என்று அன்ரியும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒருநாள் அன்ரி ஏதோ கலியாணத்தில் தந்த அதேமாதிரிப் பலகாரப் பையோடு மேலே வந்தார். கதைத்துக்கொண்டிருந்துவிட்டு, தன்னுடையதென்று நினைத்து மேசையில் இருந்த என் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பின்னேரம் ஒருவருக்குக் கொடுக்க முதல் நான் மேசையில் கிடந்த பையைத் திறந்தால் உள்ளே பயற்றம் பணியாரம். ஊரெல்லாம் சொல்லப்போகிறார், இனி ஒரு குருவியும் இந்தப் படியேறாது என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் கடை திறக்க முதலே அன்ரி மேலே வந்து, கதவைச் சாத்திவிட்டு, எனக்கு முன்னால் இருந்தார்.

"உள்ளுக்கை தமிழிலையும் பேப்பர் வைச்சிருக்கிறீர். வாசிச்சன். வீணாக்கக் கூடாதெண்டு விரலைக் குத்திப் பாத்தன், ஒண்டுமில்லை. இன்னொண்டு தாரும் பிள்ளை, மனுசனும் பாக்கட்டும்."

மேலிடத்து விருந்தாளி

மாசி மாதத்தில், மானியத்தைத் தொடரலாமா என்று பார்க்க ஒரு பெண் அதிகாரி வந்தார். நல்ல மனுசி, சப்பாத்திலிருந்த பனியை உதறிவிட்டுத்தான் உள்ளே வந்தார். பயனாளிகளைச் சந்திக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நானும் எல்லாருக்கும் சொல்லி, சாப்பிட ரோல்ஸும் வாங்கி, கதிரைகளும் போட்டு வைத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை.

ஜன்னலால் பார்த்தால் எதிரே டெப்பனர் என்கிற மூலைக்கடையின் வாசலில் நாலைந்து பேர் குளிரில் நிற்கிறார்கள். யோகனும் நிற்கிறான். அதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அவர்கள்தான். நீங்கள் போன பிறகு வருவார்கள்" என்றேன். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நிற்பதை எப்படி அறிக்கையில் எழுதுவது என்று பிரெஞ்சில் மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்வியில் நக்கல் இல்லை, கவலைதான் இருந்தது. அதனால் எனக்குக் கோபமும் வரவில்லை. அவருடைய கார் திரும்பியதும் படிகளில் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

"அக்கா, அந்த வெள்ளைக்காரி போயிட்டாவோ? ரோல்ஸ் ஏதும் மிச்சம் கிடக்கோ?"

இரண்டு காத்திருப்புகள்

மார்ச் நடுவில் பதில் வந்தது. பொதுச் சேவை பிரெஞ்சில் தொடரும், தமிழுக்கென்று இருந்த பகுதிக்கு மட்டும் இனி மானியம் இல்லை. கடிதம் மிகவும் மரியாதையாக எழுதப்பட்டிருந்தது. எங்கள் பொறுப்பாளர் மொனிக் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார், நானும் அழுதேன்.

வேலை போவது எனக்குப் பழகிய விஷயம், வேறு வேலை தேடலாம். யோகனை நினைத்துத்தான் கவலைப்பட்டேன். விசா இன்னும் வரவில்லை. பிரெஞ்சு மட்டும் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு அவன் எதை விளங்கப்படுத்துவான்? செய்தியைச் சொன்னதும் தலையைக் குனிந்து தொப்பியை உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு, எனக்கு ஆறுதல் சொல்வதற்காகத்தான் என்று நினைக்கிறேன், சிரிக்க முயன்றான்.

"விசா குடுக்கிறவையையும் காசு குடுக்கிறவையையும் ஒருக்கா ஆளையாள் கதைக்கச் சொல்லேலாதோ அக்கா?"

வில்லரேயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

விசா சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு வந்தது. நான் அப்போது ஒரு பல் டொக்டரின் வரவேற்பு மேசையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஞாயிறு காலை பஸ் எடுத்து வில்லரேயில் யோகனின் வீட்டுக்குப் போனேன். குசினி மேசையில் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த கைபேசிக்குள் சுகந்தி சிரித்துக்கொண்டிருந்தாள். அங்கே பின்னேரம், பூ வைத்திருந்தாள். யோகன் என்னை அறிமுகப்படுத்திவிட்டு எல்லாவற்றையும் தானே சொன்னான், ஒன்றையும் விடவில்லை. நான் எதற்கு வந்தேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

திடீரென்று திரையில் முகம் போய், முகட்டில் சுற்றும் காற்றாடி தெரிந்தது. கைபேசியைக் கீழே வைத்துவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் அந்தக் காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். யோகன் அழத் தொடங்கினான். அவள் வரமாட்டாள் என்றுதான் நானும் பயந்தேன்.

திரும்ப வந்தபோது அவளுடைய கண் சிவந்திருந்தது. அவனைப் பார்க்காமல் என்னிடம் கேட்டாள், தனக்குத் தொற்றுமா, பிள்ளை பெறலாமா என்று. அவர் மருந்தை விடாமல் எடுக்குமட்டும் தொற்றாது, பிள்ளையும் பெறலாம் என்றேன். இவ்வளவு காலமும் ஏன் ஒளித்தீர்கள் என்று அவனை ஏசினாள், நன்றாகவே ஏசினாள். பிறகு பூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இஞ்சாருங்கோ, நான் வந்தா அதுக்குத் தக்கமாதிரித்தானே சமைக்கவேணும். அந்த மருந்து சாப்பாட்டுக்கு முன்னமோ, பின்னமோ?"

வேலை போன பிறகுதான் வேலையை முழுதாகச் செய்து முடித்தேன் என்று எந்த அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்புவது என்பதுதான் இன்னும் எனக்குத் தெரியவில்லை.