வீரன் ஊசி பிடித்தபோது
தையல்கடைக்கார அக்கா முப்பது வருஷமாக ஒரே முகமூடி வீரனின் காமிக்ஸைப் படித்து வருபவர். அது படமாக வந்ததும், குறை கண்டுபிடிப்பதற்கென்றே தங்கையை இழுத்துக்கொண்டு தியேட்டருக்குப் போனார்.

"முதுகுல ஜிப் தெரியுது பாரு. புத்தகத்துல அவன் உடுப்புல ஒரு தையல்கூடத் தெரியாது," என்று ஆரம்பத்திலேயே முணுமுணுத்தார்.

"பேசாம படத்தைப் பாருக்கா," என்றாள் தங்கை.

இடைவேளைக்குப் பிறகு ஒரு சண்டையில் வீரனின் அங்கி கிழிந்தது. அவன் வீட்டுக்குப் போய், ஊசியில் நூல் கோக்க நாலு தடவை தடுமாறி, அதைத் தானே தைத்தான். அக்கா முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

வெளியே வந்ததும் தங்கை கேட்டாள்: "இது உன் புத்தகத்துல இருக்கா?"

"இல்லடி. அதுல கிழிஞ்ச உடுப்பு அடுத்த பக்கத்துலயே தானா சரியாயிடும். தைக்கிற எனக்கே இத்தனை வருஷமா இது தோணல பாரேன்!"

மறுநாள் கடையை அரைநாள் மூடிவிட்டு, தனியாகப் போய் இன்னொரு தடவை பார்த்தார்.